ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்த செல்கள்

வசந்தாமணி பொள்ளாச்சியில் விலங்கியல் முதுகலை முடித்தவர். கல்யாணமாகி அமெரிக்காவில் உள்ள பிஸ்கட்டவே வந்த பிறகு பதினோரு வருஷம் விசா அவரை வேலைக்குப் போகவிடவில்லை. கிரீன் கார்டு வந்த மறு மாதமே பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்துவிட்டார். எலி மூளையை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் செல்களை எண்ணும் வேலை. அவர் சீவிய துண்டு கிழியாது என்று அங்கே பேர்.

ஐம்பத்தொரு வயதில் உடம்பு படுத்தத் தொடங்கியது. திடீரென்று மார்பிலிருந்து முகம்வரை அனல் ஏறும். ஜனவரிக் குளிரில் ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டு பார்க்கிங்கில் நிற்பார். அற்ப விஷயத்துக்கெல்லாம் கணவர் குமாரசாமியிடம் எரிந்து விழுந்தார். தன் குணமே கெட்டுவிட்டதோ என்று அவருக்குள் ஒரு பயம்.

மார்ச்சில் இரண்டு தட்டு ஸ்லைடுகள் வந்தன. எது எந்த எலியுடையது என்று எண்ணுகிறவருக்குச் சொல்லமாட்டார்கள். ஒரு தட்டில், மூளையின் அடிப்பகுதிச் செல்கள் சின்னதாக அடங்கிக் கிடந்தன. மற்றதில் அதே செல்கள் பருத்துத் தெரிந்தன. எண்ணி முடித்ததும் ஆராய்ச்சியாளர் ப்ரியம்வதாவிடம் கேட்டார்.

"பெருசா இருக்கறது ஓவரி எடுத்த எலிங்களோடது ஆன்ட்டி. ஓவரில சுரக்கற ஈஸ்ட்ரோஜன் இருந்தா இந்த செல்ஸை அடக்கி வெச்சிருக்கும். இனப்பெருக்கத்துக்கு ஆர்டர் குடுக்கற செல்ஸுக்கு அதோட அளவு நேரா தெரியாது. இதுங்கதான் பாத்து சொல்லணும். ஈஸ்ட்ரோஜன் போயிட்டா இதுங்க ஓவரா சிக்னல் பண்ணும். உடம்பு சூட்டைப் பாத்துக்கற இடத்தையும் டிஸ்டர்ப் பண்ணிடும்."

"மனுசங்களுக்கும் இப்படித்தானுங்களா? எனக்கும் திடீர்னு அனல் ஏறுதுங்க."

"மெனோபாஸுக்கு அப்புறம், ஆமா. ஹாட் ஃப்ளாஷ் இதனாலதான் வருது. அந்த சிக்னலை ப்ளாக் பண்ற மாத்திரையே இருக்கு. டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க."

வசந்தாமணி மறுபடி குனிந்து அந்தப் பருத்த செல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசு லேசானது.

சாயங்காலம் போனில் எடுத்து வந்த செல்களின் படத்தைக் கணவரிடம் காட்டினார். "ஏனுங்க, எனக்கு மண்டைக்குள்ள இப்படித்தான் இருக்குதாமுங்க."

குமாரசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இத்தன நாளா இதோடயா ஆபீஸ் போயிட்டு வந்தே? நாளைக்கே அப்பாயின்ட்மென்ட் வாங்கறேன்."

டாக்டர் ரத்தப் பரிசோதனையில் ஈரல் நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு அந்த மாத்திரையை எழுதினார். ஆறு வாரத்தில் அனல் எப்போதாவது வருவதாகக் குறைந்தது.

இப்போது ப்ரியம்வதா ஆராய்ச்சியில் மூளையின் இன்னொரு மூலைக்குப் போயிருக்கிறார். அங்கே இதே ஈஸ்ட்ரோஜன் செல்களை அடக்காமல் தட்டி எழுப்பும். கருமுட்டை வெளிவருவது அதனால்தான். அந்த ஸ்லைடுகளைத் தானே எண்ணுவதாக வசந்தாமணி கேட்டு வாங்கிக்கொண்டார்.