பசுமை போர்டுக்குப் பின்னால் டீசல் புகை

இன்று காலை ஏர்பேட்டில் திருப்பதி பஸ் ஏறினேன். முன் சீட்டில் எங்கள் தெரு செல்வி, மடியில் மூச்சு இளைக்கும் மகளுடன் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு கம்பெனியின் டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது.

என் பக்கத்தில் அந்தக் கம்பெனி சூப்பர்வைசர் பாபு.

"பாபண்ணா, பொகை வூட்டுக்குள்ளயே வந்துக்கினு கீது. பாப்பா மூச்சு வுட முடியாம அல்லாடுது."

"இன்னாம்மா நீ? நம்ம கம்பெனி முழுக்க பசுமை கரண்ட்டு. கேட்டுல போர்டே மாட்டிக்கீறோம்."

நான் செல்விக்கு விளக்கினேன். வேறு மாநிலத்தில் ஒரு காற்றாலை சுற்றுகிறது. அதன் மின்சாரம் அங்கேயே செலவாகிறது. சுத்தமான மின்சாரம் என்ற பெயரை மட்டும் சான்றிதழாக்கி விற்கிறார்கள். கம்பெனி அதை வாங்கிக்கொள்கிறது. ஜெனரேட்டர் வழக்கம்போல் ஓடுகிறது.

செல்வி திரும்பிப் பார்த்தாள். "மலைக்கு மொட்டை வேண்டிக்கினு, கூலிக்கு ஆள் வச்சி அவன் தலைய மழிச்சா பெருமாள் ஒத்துக்குவாரா?"

"கூலி ஆளுகூட இல்லம்மா. ஏற்கெனவே மொட்டையா கீறவன்கிட்ட வாங்கறாங்க. இவங்க வாங்கலன்னாலும் அந்தக் காத்தாலை சுத்திக்கினுதான் இருக்கும்" என்றேன்.

பாபு குரலைத் தாழ்த்தினார். "சாயங்காலம் கரண்ட் கட்டும்மா. ஜெனரேட்டர் ஓடும். பாப்பாவ இன்னிக்கு வூட்டுக்கு இட்டுனு வராத."

"அப்ப அந்தக் காத்தாலை ஊருல வாடகைக்கு வூடு கெடைக்குமாண்ணா?"

அவள் சிரிக்கவில்லை.

காற்றாலைப் பக்கம் இருக்கும் நண்பர்கள் விசாரித்துச் சொல்லுங்கள். சான்றிதழ் வேண்டாம், வீடாகவே வேண்டும்.