செம்புத் தகட்டில் பூசிய சந்தனம்

பேரிலேயே முருகனும் ஈஸ்வரியும் இருக்கிறார்கள்; ஆனால் முருகேஸ்வரிக்குச் சாமி கிடையாது. நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். பெயர் ஞானபூரணி, நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் முதலுதவி நர்ஸ். பதினோரு வருடமாக அவளோடு ஒரே வேனில் போய் வருகிறேன். இத்தனை வருடத்தில் அவளை ஒரே ஒரு ஜெபக் கூட்டத்துக்குக்கூட இழுத்துப்போக முடியவில்லை என்ற எரிச்சல் எனக்கு இன்றைக்கும் உண்டு.

"சாமி இல்லேன்னா நல்லது கெட்டது ஒனக்கு எப்படிட்டி தெரியும்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இதுல என்ன கஷ்டம்? எனக்கு நோகக்கூடாது. என்னால ஒனக்கும் நோகக்கூடாது. அதுபோக எம்புட்டுச் சந்தோசம் கிடைக்குமோ, அம்புட்டும் எனக்கு வேணும்."

சொன்னபடிதான் வாழ்கிறாள், பாவி மகள். சனிக்கிழமை சாயங்காலம் விருதுநகருக்கு பஸ் ஏறிப்போய் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. தலை நிறையக் கனகாம்பரம் வைப்பாள். ஊர் வாயை மூட முடியுமா? முணுமுணுத்தது. "நான் பூ வச்சா யாருக்கு வலிக்குது? வலிக்கவகளக் கூட்டியா, ஞானபூரணிட்ட மாத்திரை வாங்கித் தாரேன்" என்று தெருவில் நின்றே சிரித்தாள்.

கம்பெனியில் வெடிமருந்து நிரப்பும் மருந்து அறைகளுக்கு அவள்தான் போர்மேன். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் ஐந்தாவது தலை தெரிந்தால் விரட்டிவிடுவாள். வெயில் ஏறிவிட்டால் ஆர்டர் எவ்வளவு பாக்கி இருந்தாலும் வேலையை நிறுத்திவிடுவாள். மேனேஜர் கத்துவார், அவருக்கும் சேர்த்து இஞ்சி டீ வரவழைப்பாள். அவள் போர்மேனாகி ஆறு வருடத்தில் அந்த அறைகளில் ஒரு விரல்கூடக் கருகியதில்லை. என் பீரோவில் தீக்காயக் களிம்பு தேதி முடிந்து குப்பைக்குத்தான் போகிறது. ஒரு நர்ஸுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மூன்று மருந்து அறைகளுக்கும் போகிற பொது வாசலில் ஒரு செம்புத் தகடு உண்டு. அதிலிருந்து கம்பி மண்ணுக்குள் போகும். உள்ளே போகிறவர்கள் வெறுங்கையால் அதைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும். இல்லாவிட்டால் ஒரு சின்னப் பொறி போதும். எங்கள் பெண்கள் தகட்டைத் தொட்ட கையைக் கண்ணிலும் ஒற்றிக்கொள்வார்கள். முருகேஸ்வரி அதைக் கேலி செய்ததில்லை. "தொட்டாச் சரி" என்பாள்.

போன ஆடி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது வினை. அந்த வாரம்தான் மருந்து அறைக்கு மாறியிருந்த பாண்டிச்செல்வி எல்லோருக்கும் முன்னால் வந்து, தகடு முழுக்கச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, மாலையும் போட்டிருந்தாள். பார்க்க அம்மன் முகமாகவே இருந்தது. எனக்கே ஒரு நிமிடம் கையெடுக்கத் தோன்றியது. காய்ந்த சந்தனம் நகக் கனம் இருந்தது. அதைத் தொட்டால் கை செம்பில் எங்கே படும்?

முருகேஸ்வரி வந்து பார்த்தாள். வாளித் தண்ணீரும் துணியும் எடுத்துவந்து, மாலையைக் கழற்றி, மொத்தத்தையும் கழுவிவிட்டாள்.

ஐயோ, அந்த அழுகையைக் கேட்க வேண்டுமே! "ஆடி வெள்ளியும் அதுவுமா அம்மனோட பொட்ட அழிச்சிட்டீகளேக்கா!" என்று பாண்டிச்செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மருந்து அறைகளில் வேலை பார்க்கும் பன்னிரண்டு பேரும் வெளியேறினார்கள். எல்லோருக்கும் மூத்தவள் வேலுத்தாய் தீர்ப்பே சொன்னாள்: "அம்மனுக்குத் தேங்கா உடைச்சு, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லட்டும். அதுவரைக்கும் அவ கைக்குக் கீழ வேலை பாக்க மாட்டோம்."

மேனேஜர் திங்கட்கிழமைவரை கெடு வைத்தார். பெண்கள் உள்ளே போகாவிட்டால் வேறு போர்மேன். வரப்போகிறவன் யார் என்று எங்களுக்குத் தெரியும். நாலு பேர் அறையில் எட்டுப் பேரைத் திணிக்கிறவன்.

"தப்புன்னு ஒரு சொல்லுச் சொல்லித் தொலையேன்டி. வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்?" என்று வேனில் முருகேஸ்வரியோடு சண்டை போட்டேன்.

"தேங்கா எத்தனை வேணும்னாலும் உடைக்கேன். தேங்கா எனக்குப் பிடிக்கும். தப்புன்னு சொன்னா அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் சந்தனம் பூசுவா. அதைத் தொட்டுட்டு உள்ள போவா. அப்புறம்?"



திங்கட்கிழமை காலை, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பன்னிரண்டு பேரும் நின்றார்கள். முருகேஸ்வரி கல்லில் தேங்காயை உடைத்தாள். கையெடுத்துக் கும்பிடவில்லை. கீறிய சில்லுகளோடு வெல்லத்தையும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள்.

"அழ வச்சதுக்கு வருத்தப்படுதேன், பாண்டிச்செல்வி. ஒங்கிட்டச் சொல்லிட்டுக் கழுவியிருக்கணும். ஆனா கழுவுனது தப்புன்னு சொல்ல மாட்டேன். மேல எது பூசியிருந்தாலும் தகடு வேலை செய்யாது."

"பயமா இருந்துச்சுக்கா. அதான் அம்மனக் கொண்டாந்து வாசல்ல வச்சேன்" என்றாள் பாண்டிச்செல்வி.

வேலுத்தாய் தேங்காயை மென்றபடி யோசித்தாள். "பூசுனாத்தான வேலை செய்யாது? புளி போட்டுத் தேய்ச்சா?"

முருகேஸ்வரிக்கு முகமெல்லாம் பல். "மதினி! தேய்ச்சா இன்னும் நல்லா வேலை செய்யும்!"

"அப்பச் சரி. அலங்காரம் வேண்டாம், அபிஷேகம் பண்ணிக்கிடுதோம். தினமும் புளி, அப்புறம் நல்ல தண்ணி. துடைச்சு, காஞ்ச பெறகுதான் உள்ள போவோம்."

மேனேஜர் புளிக்கு அனுமதி கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு போன் போட்ட கூத்தைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். தகடு அன்றைக்குப் பளபளவென்று கிடந்தது. ஒவ்வொருத்தியாகத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். கடைசியாக நின்ற பாண்டிச்செல்வி திரும்பிக் கேட்டாள்:

"ஒங்களுக்குப் பயமே இல்லையாக்கா?"

"தினமும் இருக்குட்டி."

"அப்ப யாரக் கும்பிடுவீக?"

"கும்பிட எனக்கு ஆளில்ல. நீங்க பன்னெண்டு பேரும் தொட்டீகளான்னு எண்ணுவேன். சாயங்காலம் பன்னெண்டு பேரும் வெளிய வந்தீகளான்னு மறுபடியும் எண்ணுவேன். அதுக்கப்புறம் குடிக்கிற டீ இருக்கே, அம்புட்டு ருசி!"

பாண்டிச்செல்வி உள்ளங்கையை முழுசாகத் தகட்டில் பதித்தாள்.

"பன்னெண்டு" என்றாள் முருகேஸ்வரி.