நீங்கலாக

அப்பா வீட்டில் தன் பங்கை, என்னைப் போலவே, எங்கள் தம்பிக்கு விட்டுக்கொடுக்கத் தங்கை சம்மதித்தாள். தறி இருக்கும் பின்கட்டு அறை மட்டும் தனக்கு வேண்டும் என்றாள். கணவனை இழந்தவளுக்கு அந்தத் தறிதான் பிழைப்பு.

பதிவு அலுவலக வாசலில், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நான்தான் சரிபார்த்தேன். சர்வே எண், கதவு எண், இனிஷியல் எல்லாம் பார்த்தேன். அப்பா பெயரில் விட்டுப்போன ஒரு புள்ளியைக்கூட வைக்கச் சொன்னேன்.

"வக்கீல்கிட்ட ஒரு தரம் காட்டிடலாமாண்ணா?" என்றாள் தங்கை.

"நான்தான் பார்த்துகினு இருக்கேனே. ஜல்தி கையெழுத்துப் போடும்மா, டோக்கன் கூப்பிடறாங்க."

போட்டாள்.

இரண்டு மாதத்தில் தம்பி வீட்டை விற்றான். வாங்கியவர் தறியைக் கழற்றச் சொன்னார். பதறிப்போய்ப் பத்திரத்தைப் பிரித்தேன். 'பின்கட்டு அறை நீங்கலாக' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பின்கட்டு அறை உள்பட' என்று இருந்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

"தெரிஞ்சேதான் வித்தியாடா?" என்று தம்பியைக் கேட்டேன்.

"பத்திரம் பார்த்தது நீதானேண்ணா," என்றான்.

தறியைப் பிரித்த அன்று தங்கை என்னைத் திட்டவில்லை. பாவு நூலின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "அறுந்துடும். இதையாவது பார்த்துப் பிடிண்ணா," என்றாள்.

பத்திரம் பதிந்த நாளில் என் டைரியில் எழுதியிருக்கிறேன்: 'பத்திரம் சரிபார்த்தேன். ஒரு பிழை திருத்தப்பட்டது.' அந்த வரியை நான் இன்னும் அடிக்கவில்லை.