அம்மன் காட்டிய பின்பக்கத்து வழி

தாயை நம்பி வாழும் என் சனங்களே, என் தோள் எலும்பு முறிந்த கதையில் இருந்தே தொடங்குகிறேன். முறித்தவர் என்னைப் பெற்ற அப்பா. ஆனால் அவர் தன் மகளை அடிக்கவில்லை. மகளின் உடம்பில் ஏறியிருந்த பேயை அடித்தார்.

அப்பா கட்டாடியார். வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரைக் கிராமங்களில் ஒருவரைப் பேய் பிடித்தால், அம்மன் பேரைச் சொல்லி விரட்டுவதற்கு அவரைத்தான் கூட்டிப் போவார்கள். வயது எண்பதை நெருங்கியபோது மறதி நோய் வந்தது. முதலில் சாப்பிட்டதை மறந்தார். பிறகு அம்மா செத்துப்போனதை மறந்தார். மந்திரத்தில் மட்டும் ஒரு எழுத்தும் மறக்கவில்லை. அதுதான் எனக்கு வந்த கேடு.

போன மாசி மாதம் ஒரு காலை, கடைக்குக் கொடுக்க இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். அப்பா முன்னால் வந்து நின்று என்னை உற்றுப் பார்த்தார்.

“ஆர் நீ?”

“என்னப்பா கேள்வி இது? நான் தவமணி.”

பிரம்பு முகத்தில் விழுந்தது. “பொய்! என்ட புள்ளைய விட்டு இறங்கு!”

அன்றிலிருந்து என் வீடு கொலைக்களம் ஆனது. கற்பூரத்தைக் கொளுத்தி என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தார், புருவம் கருகியது. தலைமுடியைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போனார். அந்த மெலிந்த கைகளுக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ! நான் “அப்பா, நான் தவமணி, உங்கட மகள்” என்று கத்தக் கத்த அடி கூடியது. தோள் முறிந்ததும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து அவரைத் தூங்க வைத்தது. விழித்தால் மறுபடியும் பிரம்பு.

என் கணவர் கட்டாரில் வேலை. களுதாவளையில் கலியாணம் முடித்திருக்கும் தம்பிதான் ஓடி வந்தான். வந்தவன் அப்பாவை நைலோன் கயிற்றால் மாமரத்தில் கட்டினான். “ஐயோ, என்ட மகனையும் பேய் பிடிச்சிட்டே” என்று அப்பா அழுதார். மணிக்கட்டில் கயிறு அறுத்து இரத்தம் வந்தது. தம்பியை ஏசி, என்னை அடித்த அதே கைகளை நான் அவிழ்த்துவிட்டேன்.

“அக்கா, இவர் உன்னக் கொன்று போடுவார். கோயில்ல வைகாசிக் குளிர்த்திச் சடங்கு முடியட்டும், எங்கயாவது கொண்டுபோய் விட்டிர்றன்” என்றான். அவன் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அவன் சொன்னது பிழை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

குளிர்த்தி அன்று பின்னேரம் அப்பாவைத் தம்பியிடம் விட்டுவிட்டு எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை. சண்டைக்குத்தான் போனேன். “உனக்குத்தானே இந்த மனிசன் ஆயுள் முழுக்க உழைச்சார்? ஒண்டில் என்னை எடு. இல்லையெண்டா ஒருக்காவாவது அவர்ட வாயால என்னை மகள் எண்டு கூப்பிட வை” என்று சனத்துக்கு நடுவில் வாய்விட்டு அழுதேன்.

அப்போது குளிர்த்தி தொடங்கியது. மதுரையை எரித்த கோபத்தோடு வந்த தாய் அவள். அவளைக் குளிரவைக்கப் பூசாரியார் வேப்பிலை போட்ட தண்ணீரை அள்ளி அள்ளி வார்த்தார். சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன், அன்றுதான் எனக்கு உறைத்தது. கோபித்து வந்தவளிடம் யாரும் வாதாடுவதில்லை. உன் கோபம் பிழை என்று சொல்வதில்லை. குளிர மட்டும் பண்ணுகிறார்கள்.

அந்தத் தண்ணீர் என் முகத்தில் தெறித்தபோது, அப்பா முன்பு சாப்பிடும்போது சொன்ன தொழில் ரகசியம் நினைவுக்கு வந்தது. பேய் முதலில் தன் பெயரைச் சொல்லாது. பிடித்த ஆளின் பெயரைத்தான் சொல்லி அழும். அதை நம்பி விட்டுவிட்டால் பேய் பிடித்த பிள்ளை செத்துப்போகும்.

ஒவ்வொரு நாளும் “நான் தவமணி” என்று சொல்லி நானே அல்லவா அடியைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்!

வீட்டுக்கு ஓடினேன். தம்பி கிணற்றடியில் நின்றான். அப்பா குசினியில் மீன் வெட்டும் கத்தியோடு நின்றார். என்னைக் கண்டதும் பாய்ந்து சுவரோடு சாய்த்துக் கத்தியைக் கழுத்தில் வைத்தார். தோல் கிழிந்து இரத்தம் சட்டைக்குள் இறங்கியது.

“ஆர் நீ?”

தவமணி என்று வாய் வரை வந்தது. தாயே என்று விழுங்கினேன்.

“நான் பேய்தான் ஐயா.”

கத்தி நின்றது. அப்பாவின் முகம் மாறியது. நான் சின்ன வயதில் பார்த்த கட்டாடியார் என் முன்னால் நின்றார்.

“எங்க இருந்து வந்தாய்?”

“வாவிக்கரையில இருந்து.”

“என்ட புள்ளைய ஏன் பிடிச்சாய்?”

“பசி ஐயா.”

“கழிப்புத் தந்தாப் போவியா?”

“போறன். சத்தியமாப் போறன்.”

கத்தியைக் கழுத்தில் இருந்து எடுத்துத் தேசிக்காயை வெட்டினார். வாழையிலையில் கழிப்புச் சோறு வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பேய்க்குரிய பங்கை என் கையில் தந்தார். “பின்பக்கத்தால போ. திரும்பிப் பாக்காத.”

போனேன். இலையை வாவிக்கரையில் வைத்தேன். இரத்தத்தைக் கழுவினேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வேலியைச் சுற்றி வந்து, முன்படலையைத் திறந்து வீட்டுக்குள் வந்தேன்.

அப்பா வேர்த்து விறுவிறுத்துக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டினார்.

“மகள்! வந்திட்டியா கிளி? இவ்வளவு நாளும் எங்க புள்ள போயிருந்தாய்?”

நான் அவர் மடியில் விழுந்து கத்தி அழுதேன். அவர் என் கழுத்துக் காயத்தைத் தடவினார். “ஆர் உனக்கு இப்பிடிச் செஞ்சது?”

“பேய் அப்பா. நீங்க விரட்டிட்டீங்க.”

வாசலில் நின்ற தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அப்பாவை எங்கேயும் கொண்டுபோவது பற்றி அவன் பிறகு பேசவில்லை.

சனங்களே, அப்பாவுக்கு நோய் மாறவில்லை. மருந்து கொடுக்கிறேன். கத்திகளைப் பூட்டி வைக்கிறேன். தாய் நோயை எடுக்கவில்லை, நான் கேட்டதைத் தந்தாள். உங்கள் வீட்டிலும் பெற்றவர்களே உங்களை யாரென்று தெரியாமல் அடிக்கிறார்கள் என்றால் அவளிடம் போங்கள். கும்பிட மனம் வராவிட்டால் சண்டையாவது பிடியுங்கள். அவள் கோபிக்க மாட்டாள், கோபம் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்து என் முன்னால் நிற்கிறார். “ஆர் நீ?” என்கிறார். பேனையை வைத்துவிட்டுப் பின்பக்கத்தால் போகிறேன். முன்படலையால் மகளாக வருவேன்.