பாய்க்கயிற்றில் நான் போட்ட மூட்டை முடிச்சு

ஆண்டவரை நம்பி நடக்கும் என் அன்பானவர்களுக்கு, மட்டாஞ்சேரியிலிருந்து ஜெபராணி எழுதுகிறேன். போன மழைக்காலம் தொடங்கச் சில நாட்கள் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை, இடக்கொச்சிக் காயலில் என் தோழி ஃபசீலா சாக இருந்தாள். காற்றின்மேல் பழி போட எனக்கு மனசில்லை. காரணம் நான்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். அம்மா சுள்ளிக்கல்லில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான். அந்தப் பெருமை எனக்கு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுதக் கற்றுக்கொண்டது சபையில். அதனால் புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் நோட்டு என் கையில்தான் இருக்கும். ஒவ்வொருவரும் வேண்டுதலைச் சொல்வார்கள். நான் எழுதி, சத்தமாக வாசிப்பேன். ஆனால் சொன்னபடி எழுத மாட்டேன். திருத்துவேன், நீட்டுவேன், அழகான தமிழாக மாற்றுவேன். அம்மாவின் வேண்டுதல் மட்டும் வருடக்கணக்காக மாறவே இல்லை. "ஆண்டவரே, பாத்துக்கோங்க." அவ்வளவுதான்.

"இது ஒரு ஜெபமாம்மா? யாரை, எதை, ஒண்ணுமே சொல்லலியே" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏட்டி, வீட்டு நம்பர் எழுதிக் குடுத்தாத்தான் அவரு வருவாரோ?" என்றார் அம்மா. கூட்டமே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது.

கல்லூரியில் பாய்மரப் படகுக் குழுவில் சேர்ந்தேன். இருவர் ஓட்டும் சின்னப் படகு. நான் பின்னால் சுக்கான் பிடிப்பேன். பெரிய பாயின் கயிறும் என் கையில் இருக்கும். ஃபசீலா முன்னால் இருந்து சின்னப் பாயைப் பார்த்துக்கொள்வாள். எங்களுக்குக் கற்றுத்தந்த சார் தினமும் ஒன்றைச் சொல்வார்: "பாய்க்கயிறு எப்போதும் கையில் இருக்கணும். எங்கேயும் கட்டக்கூடாது. பலமான காற்று அடிச்சா அதை விட்டால்தான் படகு நிற்கும்." பரீட்சையில் அதை நான் பிழையில்லாமல் எழுதி முதல் மதிப்பெண் வாங்கினேன்.

அந்தச் சனிக்கிழமை காற்று காலையிலிருந்தே வேகம். கயிறு உரசி என் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்துவிட்டது. போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வலிக்கிறது என்று சொல்ல மனம் வரவில்லை. கயிற்றைக் குறுக்குப் பலகையில் கட்டினேன். அப்பா மூட்டைக்குப் போடும் முடிச்சு. சின்ன வயதில் கிடங்கு வாசலில் உட்கார்ந்து பார்த்துப் பழகியது. இழுக்க இழுக்க இறுகும், நனைந்தால் இன்னும் இறுகும்.

ஃபசீலா திரும்பிப் பார்த்தாள். "எடீ, நீ கயிறு கெட்டியோ? சார் கண்டா கொல்லும்."

"அஞ்சு நிமிஷம். நீ முன்னாடி பாரு."

அந்த ஐந்து நிமிஷம் முடியவில்லை. தெற்கே தண்ணீர் திடீரென்று கறுத்தது. காற்று எங்கள்மேல் வந்து விழுந்தது. படகு ஒரே சாய்வாகச் சாய்ந்தது. சாய்ந்த பக்கமாக ஃபசீலா வெளியே விழுந்தாள். அவள் கால் சின்னப் பாயின் கயிற்றில் சுற்றிக்கொண்டது.

படகு நிற்கவில்லை. அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. உயிர்காப்புச் சட்டை போட்டிருந்தும் அவள் முகம் தண்ணீருக்குள் போகும், ஒரு நொடி வெளியே வரும், மறுபடி போகும். சுக்கானைத் திருப்பினேன். அவள் பாரம் ஒரு பக்கமாக இழுத்ததால் படகு திரும்பவில்லை. சாரின் எஞ்சின் படகு தூரத்தில், கவிழ்ந்த வேறொரு படகின் பக்கத்தில் இருந்தது. கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

பாய்க்கயிற்றை அவிழ்த்தால் படகு நிற்கும். ஆனால் படகு கவிழாமல் இருந்ததே, நான் எதிர்ப்பக்க விளிம்பில் உட்கார்ந்து உடம்பை முழுக்க வெளியே சாய்த்திருந்ததால்தான். முடிச்சை எட்ட உள்ளே குனிந்தால், பாயும் கம்பமும் அவள்மேலேயே விழும். குனியாவிட்டால் அவள் மூச்சுமுட்டிச் செத்துவிடுவாள். கத்தி இல்லை. படித்த படிப்பில் இதற்கு வழி இல்லை.

ஜெபிக்க வாயைத் திறந்தேன். நோட்டில் அத்தனை பேருக்கு அழகாக எழுதித் தந்தவளுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. அவள் முகம் மறுபடி உள்ளே போனது. இந்த முறை வெளியே வரவில்லை.

"ஆண்டவரே, பாத்துக்கோங்க!"

அம்மாவின் ஜெபம்தான் வந்தது. அதையே மறுபடி மறுபடி கத்தினேன்.

காற்று நின்றது. குறையவில்லை, நின்றது. பாய் தொங்கியது, படகு நிமிர்ந்தது. நான் உள்ளே பாய்ந்தேன். முடிச்சு கல் மாதிரி இருந்தது. நகத்தால் பிய்த்தேன், அசையவில்லை. அப்போது அப்பாவின் முழங்கால் கண்ணுக்குள் வந்தது. அவர் முடிச்சைப் பிய்க்க மாட்டார். கயிற்றை முழங்காலால் அழுத்திப் பாரத்தை நிறுத்திவிட்டு, முடிச்சை இரண்டு பக்கமிருந்தும் உள்ளே தள்ளுவார். நானும் கயிற்றைப் பலகையோடு சேர்த்து முழங்காலால் அழுத்தினேன். தள்ளினேன். விட்டது.

அடுத்த நொடி காற்று திரும்ப வந்தது. ஆனால் கயிறு ஓடிவிட்டது. பாய் சும்மா படபடவென்று அடித்தது, படகு நின்றது. ஃபசீலாவின் உயிர்காப்புச் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன். உதடு நீலமாக இருந்தது. பிறகு இருமினாள். அந்த இருமலைப்போல் இனிமையான சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

கரையில் சாரிடம் நானே சொன்னேன்: "சார், நான் கயிற்றைக் கட்டினேன்." போட்டியிலிருந்து என்னை நீக்கினார். அது நியாயம். ஃபசீலாவின் உம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அது திட்டுவதைவிட வலித்தது.

ஃபசீலா மட்டும், காலில் கட்டோடு படுத்திருந்தவள், கேட்டாள். "மேலே இருந்து நீ விளிச்சில்லே?"

"ஆமா, ஆண்டவரைக் கூப்பிட்டேன்."

"நானும் விளிச்சு. அடியில் கிடந்து."

பலமான காற்றுக்கு நடுவில் இடைவெளி வருவது சகஜம் என்று சார் சொன்னார். பாடத்தில் நானும் அதைப் படித்திருக்கிறேன். அந்த இடைவெளியை அந்த நொடியில், அந்த இடத்தில் வைத்தவர் யார் என்று மட்டும் எனக்குத் தெரியும். முடிச்சு அவிழ்க்கும் வழியை, எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாவின் முழங்காலில் பத்து வருஷம் முன்பே ஆண்டவர் எனக்குக் காட்டி வைத்திருந்தார்.

வீட்டில் அப்பா எல்லாம் கேட்டு முடித்து, என் கையைத் திருப்பிக் கொப்புளத்தைப் பார்த்தார். "மூட்டைக்குப் போடுத முடிச்சக் கொண்டுபோயி படகுல போட்டிருக்கா பாரு, காலேஜ்காரி" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஃபசீலா நடக்கத் தொடங்கியதும் மறுபடி படகில் ஏறினோம். கயிறு இப்போது என் கையில்தான். வலித்தால் வலிக்கிறது என்று சொல்கிறேன்.

புதன்கிழமை நோட்டும் என்னிடம்தான். இப்போது யாருடைய வேண்டுதலையும் திருத்துவதில்லை. திக்கித் திக்கிச் சொன்னால் அப்படியே எழுதுகிறேன். அழுதுவிட்டால் பெயரை மட்டும் எழுதுகிறேன். இதை வாசிக்கும் உங்களுக்கும் சொல்கிறேன்: எனக்கு ஜெபிக்கத் தெரியாது, வார்த்தை வராது என்று தள்ளி நிற்காதீர்கள். உங்கள் வாயில் என்ன வருகிறதோ அதோடு அவரிடம் போங்கள். தண்ணீருக்கு அடியிலிருந்து கூப்பிட்டவளையும் அவர் கேட்டார்.

அந்த வாரம் நோட்டில் அம்மாவின் வரியை அவர் சொன்னபடியே எழுதினேன். அதற்குக் கீழே என் பெயரைப் போட்டு, அதே வரியை இன்னொரு முறை எழுதினேன்.