நாலாம் அறையின் பச்சை எண்

பட்டினி என்றால் எங்கள் கடை வரிசையில் எல்லோருக்கும் தெரியும். அவள் பட்டினி கிடப்பவள் அல்ல. நன்றாகவே சாப்பிடுவாள், கேட்காமல் என் டப்பாவிலிருந்தும் எடுத்துச் சாப்பிடுவாள். அவள் பட்டினி போடுவது சாஃப்ட்வேரை. பெரிய கம்ப்யூட்டரில் சொகுசாக ஓடிப் பழகியதைப் பிடித்துவந்து, கொழுப்பை எல்லாம் வெட்டி, உள்ளங்கை அகலப் பலகை ஒன்றில் ஓடவைத்துவிடுவாள். மலிவான பலகை, சக்தியும் கொஞ்சம். என் செல்போன் ரிப்பேர் கடைக்கு அடுத்த அறை அவளுடையது. அங்கே இருந்த ஒரே மின்விசிறியும் அவள் பக்கம் திரும்பியிருக்காது, பலகைகளின் பக்கம்தான்.

"இவ்வளவு மெமரி கேக்குதே, உக்காந்து என்ன பண்ணுது இது?" என்று திரையைத் திட்டிக்கொண்டே வெட்டுவாள். நான் கட்டினவளிடம்கூட அத்தனை திட்டு வாங்கியதில்லை.

பழக்கிடங்கு வேலையை அவளுக்குப் பிடித்துக் கொடுத்தவன் அவள் தம்பி. அம்மா போனபிறகு அவனுக்கு இவள்தான் எல்லாம். கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போனபிறகும், வேலைக்குக் கிளம்பும்போது அக்காவிடம் போனில் இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டான். கிடங்கில் அறைகளைப் பூட்டுவதும் திறப்பதும் அவனும் மேஸ்திரியும்தான்.

கிடங்கு என்றதும் கூடையும் ஈயும் நினைவுக்கு வரும். இது அப்படி இல்லை. பழம் மாதக்கணக்கில் வாடாமலிருக்க அறையை இறுக்கி மூடி, நைட்ரஜனை உள்ளே விட்டு ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடுவார்கள். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தெரியாமல் நுழைகிறவன் மூச்சு விட்டுக்கொண்டேதான் நடப்பான். நாலு எட்டு வைத்ததும் விழுந்துவிடுவான். கத்தக்கூட நேரம் இருக்காது. அதனால் ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் ஒரு சின்னத் திரை. உள்ளே ஆக்சிஜன் நூற்றுக்கு எவ்வளவு என்று அது சொல்லும். இருபத்தொன்று என்று பச்சையில் காட்டினால் நாம் சுவாசிக்கும் அதே காற்று, தாராளமாகப் போகலாம். குறைந்தால் சிவப்பு.

கதவுக்கு ஒரு பெரிய கம்ப்யூட்டர் வைக்க முதலாளிக்கு மனசு வரவில்லை. பட்டினியின் பலகைகள் போதும் என்றார். அவளும் சரி என்று வெட்ட ஆரம்பித்தாள். எல்லாம் வெட்டிய பிறகும் ஒன்று மட்டும் அடங்கவில்லை. அவர்கள் தொழிலில் அதைக் காவல்நாய் என்பார்கள். அறைக்குள் இருக்கும் அளவுக்கருவி பேசிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை. கொஞ்ச நேரம் புது எண் வராவிட்டால் திரையைச் சிவப்பாக்கிவிடும். மலிவுப் பலகைக்கு வேகம் பத்தாது, எண் தாமதமாக வரும். உடனே நாய் குரைக்கும். காற்று நன்றாக இருக்கும்போதே சிவப்பு. ஆட்கள் வேலையில்லாமல் வாசலில் நிற்பார்கள், முதலாளி போனில் கத்துவார்.

அவள் நாயைத் தூங்கவைத்தாள். மற்றதைச் சீராக்கிவிட்டு எழுப்பிக்கொள்ளலாம் என்று எண்ணம். சிவப்பு நின்றது. முதலாளி வாயாரப் புகழ்ந்தார். அடுத்தடுத்து வேறு வேலைகள் வந்து விழுந்தன. நாய் தூங்கிக்கொண்டே இருந்தது.

அன்று காலை தம்பி பேசியபோது நான் அவள் அறையில்தான் இருந்தேன், சின்னத் திருப்புளி ஒன்று கடன் கேட்க. அவள் கைகள் வேலையாக இருந்ததால் போனை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள்.

"அக்கா, உன் பொட்டி இப்பல்லாம் ரொம்ப ஒழுங்கு. நாலாம் ரூமுல நேத்துலேருந்து இருபத்தொண்ணு, ஆடாம அசையாம நிக்குது."

"நிக்கட்டும். சாப்பிட்டியா?"

"ஆச்சு. நேத்தே ரூம மூடி கேஸ் விட்டாச்சு. எண்ணு இறங்கவே மாட்டேங்குது. குழாயில எங்கயோ கோளாறு போல. மேஸ்திரியும் நானும் உள்ள போய்ப் பாக்கப் போறோம். சரி, போனை ஆபீஸ்ல வெச்சுட்டுப் போகணும். அப்புறம் பேசறேன்."

போன் நின்றது. அவள் கையிலிருந்த பலகை மேசையில் விழுந்தது. என்னவென்று கேட்டேன்.

"உயிரோட இருக்கற கருவி ஆடாம நிக்காது. கொஞ்சமாவது ஏறும், இறங்கும். அது செத்துப்போச்சு. கடைசியா சொன்ன எண்ணையே திரை காட்டிட்டிருக்கு. உள்ள காத்து இல்ல."

தம்பிக்கு அடித்தாள், எடுக்கவில்லை. கிடங்கு அலுவலகத்துக்கு அடித்தாள். கணக்குப்பிள்ளை எடுத்தார்.

"நாலாம் ரூமுக்குள்ள யாரையும் போக விடாதீங்க. காத்து இல்ல."

"இருக்கும்மா. என் மேசையிலயும் அதே திரைதானே? பச்சைதான் காட்டுது."

"அது பொய். ஓடிப்போய் நிறுத்துங்க."

"சரி சரி, இந்த லோடை அனுப்பிட்டு சொல்றேன்."

இந்த மாதிரி ஆட்களை நிற்கவைத்துக் கேட்க வேண்டும். அப்போது நேரமில்லை. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு அவளை ஸ்கூட்டரில் ஏற்றினேன். வழியெல்லாம் என் சட்டையை அவள் பிடித்திருந்த பிடியில் முதுகு வலித்தது.

கிடங்கின் பின்புறம் நீளமான நடை. குளிர், மங்கல் விளக்கு, எங்கோ இயந்திரம் ஓடும் சத்தம். கடைசியில் நாலாம் அறைக் கதவு திறந்திருந்தது. அதற்கு வெளியே தம்பி நின்றுகொண்டிருந்தான். உயிரோடுதான். கடவுளே என்று சுவரில் சாய்ந்துவிட்டேன். அவன் எங்களைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட இல்லை.

"நீ எங்க இங்க? நான் ஸ்பேனர் எடுத்துட்டு வர்றதுக்குள்ள மேஸ்திரி முன்னாடி போயிட்டாரு. கூப்பிட்டா பதிலே இல்ல. இரு, பாத்துட்டு வரேன்."

அவன் காலைத் தூக்கி வைப்பதற்குள் அவள் பாய்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் நான் உள்ளே பார்த்தேன். பழப்பெட்டி அடுக்கின் பக்கத்தில் மேஸ்திரி குப்புறக் கிடந்தார். ஒரே ஓட்டத்தில் போய் இழுத்துவரலாம் போலிருந்தது. அப்படித் தோன்றி உள்ளே ஓடித்தான் இரண்டாவது ஆளும் சாவது.

"விடு அக்கா, மனுஷன் விழுந்து கெடக்கறாரு."

"உள்ள காத்து இல்ல. போனா நீயும் விழுவே."

"பச்சை காட்டுது பாரு. நீ செஞ்சதுதானே?"

"நான் செஞ்சதுனாலதான் சொல்றேன். போகாதே."

திமிறினான். நானும் பிடித்துக்கொண்டேன். முழங்கையால் அவளை அடித்தான், உதடு கிழிந்தது. அவள் விடவில்லை. எங்கள் கூச்சல் கேட்டு, காற்றுச் சிலிண்டர் கட்டிய முகமூடியோடு ஆட்கள் வரும்வரை, கண்ணெதிரே கிடந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே மூன்று பேரும் கட்டிப் புரண்டோம். அவர்கள் வந்து இழுத்துப் போட்டபோது மேஸ்திரியிடம் மூச்சு இல்லை. நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். திரும்ப வரவில்லை.

முதலாளி வந்ததும் வராததுமாக, "அந்தப் பொம்பளை செஞ்ச பொட்டிதானே?" என்று ஆரம்பித்தார். அதுவரை தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த தம்பி எழுந்து அவர் எதிரே போய் நின்றான்.

"எங்க அக்கா செஞ்சதுல தப்பு இருக்காது. உங்க அளவுக்கருவிதான் கெட்டுப்போயிருக்கு. அவ வரலேன்னா நானும் இப்ப இவர் பக்கத்துல கெடப்பேன்."

முதலாளி ஒரு எட்டு பின்வாங்கினார். கருவி கெட்டதும் உண்மைதான். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். நான் அவளைப் பார்த்தேன், பேசாமல் இரு என்று கண்ணால் கெஞ்சினேன். எனக்கு வெட்கமில்லை, அவளுக்காகக் கெஞ்சினேன்.

அவள் தம்பியின் கையைப் பிடித்தாள். "கருவி கெட்டா சொல்றதுக்குன்னு ஒண்ணு இருந்துச்சுடா. சிவப்பு சிவப்புன்னு தொல்லை பண்ணுதுன்னு நான்தான் அதை நிறுத்தி வெச்சேன்."

"நீயா?" என்றான். பிறகு அவள் கையிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டு, மேஸ்திரியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தான்.