பாட்டுக்காரன் திரும்பிப் பார்த்த மத்தியானம்

நாடகம் தொடங்குவதற்கு முன்பே என் பையில் நாற்பது தீப்பெட்டிகள் சேர்ந்துவிட்டன.

நான் கேட்டு வாங்கவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் அப்போது நான் போர்மேன். தினமும் காலையில் கேட்டில் நின்று, உள்ளே வருகிற ஆண்களிடம் பீடியையும் தீப்பெட்டியையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதுதான் என் முதல் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை சிவகாசியில் ஒரு பள்ளிக்கூடக் கலையரங்க வாசலில், யாருக்கும் வழிவிடத் தெரியாமல் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் வேனிலிருந்து இறங்கி வந்தார்கள். என் முகத்தைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினார்கள். நானும் மஞ்சள் பையை விரித்தேன். செருப்பையும் வெளியிலேயே கழற்றிவிட்டு, முனை ரோட்டைப் பார்த்து இருக்கும்படி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனார்கள். ஓட வேண்டி வந்தால் அப்படியே மாட்டிக்கொண்டு ஓடலாம். கம்பெனியில் யாரும் அப்படி மாட்டிக்கொண்டு ஓடியதில்லை, வெறுங்காலோடுதான் ஓடுவோம். ஆனாலும் வழக்கம் வழக்கம்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஏதோ ஒரு வருடம். தீபாவளி முடிந்து கம்பெனியைச் சாத்தியிருந்த மாதம். அந்த மாதத்தில் எங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ஒரு குழு, கிரேக்க தேசத்துப் புராணக் கதையைத் தமிழில் பாட்டு நாடகமாகப் போடுகிறதென்று முதலாளி பாஸ் கொடுத்தனுப்பினார். நான் போவதாக இல்லை. என் மனைவிதான், "அந்தப் பாட்டு நாடகத்துக்குப் போலாமா?" என்று கேட்டாள்.

நான்கு மாதத்தில் அவள் என்னிடம் வாய்திறந்து கேட்ட முதல் காரியம் அது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த நான்கு மாதக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனியில் திங்கள்கிழமை தோறும் எல்லோரையும் நிற்கவைத்து நான் ஒரு பிரசங்கம் செய்வேன். "சத்தம் கேட்டா, புகை பாத்தா, போட்டது போட்டபடி ஓடணும். வேப்பமரத்தடியில வந்து நிக்கணும். எதையும் எடுக்கப் போகக் கூடாது. யாரையும் தேடக் கூடாது. திரும்பிப் பாக்கவே கூடாது." சொந்தக்காரனைத் தேடிப் போய் வெளியே வராதவர்களை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் சிரிக்காமல் கேட்பார்கள்.

ஆடி மாதம், ஒரு மத்தியானம், சிமெண்டு மேடையில் காயப்போட்டிருந்த வெடிமருந்து புஸ்ஸென்று பிடித்துக்கொண்டது. வெடிக்கவில்லை. ஓர் ஆள் உயரத்துக்கு வெள்ளைப் புகை, அவ்வளவுதான். எல்லோரும் ஒழுங்காக வேப்பமரத்தடிக்கு ஓடினார்கள். நான் வேப்பமரத்தைத் தாண்டினேன். கம்பி வேலியைத் தாண்டினேன். உடைமர முள்காட்டுக்குள் புகுந்து மறுபக்கம் ரோட்டில் வந்து விழுந்தபோது ஒரு மினி பஸ் வந்தது. கையைக் காட்டி ஏறிவிட்டேன். கண்டக்டர், "எங்கன போகணும்?" என்றார். "போய்க்கிட்டே இருங்க," என்றேன்.

அடுத்த ஸ்டாப்பில்தான், என் மனைவியும் அதே கம்பெனியில் பேக்கிங் ரூமில் வேலை பார்க்கிறாள் என்பது ஞாபகத்துக்கு வந்தது.

இறங்கி ஓடிவந்து பார்த்தால், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து யாருக்கோ காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டீகளா," என்றாள். அவ்வளவுதான். மற்றவர்கள் எனக்கு எக்ஸ்பிரஸ் என்று பேர் வைத்தார்கள், அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இவள் திட்டவும் இல்லை, கேலியும் செய்யவில்லை. ஒரு நாள் நானாகவே, "சட்டப்படி பாத்தா..." என்று ஆரம்பித்தேன். "ஆமா. நீங்க சொல்றததான செஞ்சீக," என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் எனக்குப் பதிலெல்லாம் முதுகிலிருந்துதான் வரும்.

ஆகவே அன்றைக்கு ஒரு சபதத்தோடு போயிருந்தேன். என்ன ஆனாலும் சரி, கடைசி வரைக்கும் அவள் பக்கத்தில் செங்கல் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்.

உள்ளே நான்கு வாசல். எங்கள் ஆட்கள் எல்லோரும் வாசலோர நாற்காலிகளில் அடைந்துகொண்டார்கள். முன்வரிசையும் நடுவும் காலி. நாடகக் குழுப் பெண் ஒருத்தி வந்து, "கூச்சப்படாம முன்னாடி வாங்க," என்று கெஞ்சினாள். கூச்சமெல்லாம் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? யாரும் அசையவில்லை. என் மனைவி மட்டும் நேராகப் போய் இரண்டாவது வரிசையில் நட்ட நடுவில் உட்கார்ந்தாள். பக்கத்து வாசலுக்குப் பதினேழு எட்டு வைக்க வேண்டும். நான் எண்ணிக்கொண்டேதான் போய் உட்கார்ந்தேன்.

நாடகம் தொடங்கியது. ஒரு பாட்டுக்காரன். கையில் சின்ன ஏணியை வளைத்து நரம்பு கட்டியது போல ஒரு வாத்தியம். கல்யாணமான அன்றைக்கே அவன் மனைவியைப் பாம்பு கடித்துவிடுகிறது. அவன் அழுதுகொண்டே பாடி, எமலோகத்துக்கே போய் அவளைக் கூட்டிவரப் புறப்படுகிறான்.

வாசலோரத்திலிருந்து என் மனைவியின் கூட்டாளி, பேக்கிங் ரூமிலேயே பெரிய வாய்க்காரி, குரல் கொடுத்தாள். "பொண்டாட்டிக்காக எமன்கிட்ட போறானா? எந்த ஊருடி இவனுக்கு?"

"கிரேக்கமாம்க்கா."

"அங்கன பொண்ணு குடுக்கலாம் போலயே!"

அரங்கமே சிரித்தது. நான் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். மடியில் தீப்பெட்டிகள் கலகலத்தன. என் மனைவி மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பாட்டுக்காரன் எமலோகத்தின் வாசலுக்கு வந்தான். மேளத்தில் ஒரு தட்டு விழுந்தது. மேடையின் அடியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது.

சத்தமே இல்லை. கூச்சல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. பழக்கிவிட்டபடி, நான்கு வாசல் வழியாகவும் அரங்கம் காலியானது. மேடையில் இருந்தவர்கள் பாடிக்கொண்டே, நாற்காலிகள் காலியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. புத்தி வந்தபோது நான் வெளியே புங்கமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். சபதம் உள்ளேயே இருந்துவிட்டது. பை மட்டும் கையில் இருந்தது. சுற்றி நின்றவர்கள் பையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், எல்லோரும் பத்தடி தள்ளிப் போய் நின்றார்கள்.

நான் கூட்டத்தில் தேடினேன். அவள் இல்லை.

வாசலை நோக்கி நடந்தேன். கூட்டாளி குறுக்கே வந்து நின்றாள். "அண்ணே, உள்ள போகக் கூடாது. நீங்கதான சொல்லுவீக?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். வழிய விடு."

"பையவாச்சும் வச்சுட்டுப் போங்க!"

பையை அவள் காலடியில் வைத்தேன். அவள் அலறிக்கொண்டு விலகினாள். நான் உள்ளே போனேன்.

முந்நூறு காலி நாற்காலிகளுக்கு நடுவில் அவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பாட்டுக்காரன் அவள் ஒருத்திக்காகவே பாடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் மூச்சு வாங்க நின்றேன்.

"உக்காருங்க," என்றாள், திரும்பாமல்.

"புகை வருது புள்ள."

"கந்தக வாடையே இல்ல. பத்து வருசமா மருந்த மோந்துக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? எதுக்கு வந்தீக?"

"நீ வெளிய இல்ல."

 நான் உட்காருவதற்காகப் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. முட்டியைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே போனவர்கள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். "மருந்து இல்லப்பா, சும்மா மிசின் புகைதான்," என்று கூட்டாளி தீர்ப்புச் சொன்னாள்.

அதற்குள் எமன் மனமிரங்கிவிட்டான். மனைவியைக் கூட்டிப் போகலாம். அவள் பின்னாலேயே வருவாள். ஆனால் வெளிச்சத்துக்குப் போய்ச் சேரும்வரை அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது.

மற்ற ஊர்களில் இந்த நிபந்தனை எதற்கு என்று ஜனங்கள் யோசித்திருப்பார்கள். எங்கள் அரங்கத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் கம்பெனிச் சட்டம் அல்லவா அது!

பாட்டுக்காரன் மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே கடைசி வாசலைப் பார்த்து நடந்தான். அவனுக்குப் பின்னால், சத்தமில்லாமல், அவன் மனைவி.

"ஏலே, திரும்பாதலே!"

"கழுத்த நேரா வையி!"

"வந்துக்கிட்டுத்தான்ல இருக்கா, நீ நடலே!"

வாசலோரத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்து, கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்து, ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். மத்தியான வெயில் உள்ளே விழுந்தது. நாடகக்காரர்கள் அதை எதிர்பார்க்கவில்லை. பாட்டுக்காரனுக்குக் கண் கூசியது. இன்னும் இரண்டு எட்டு இருந்தது.

திரும்பிவிட்டான்.

அவள் பின்பக்கமாகவே நடந்து இருட்டுக்குள் போய்விட்டாள்.  கதவைப் பிடித்திருந்த ஆள், கதவை என்ன செய்வதென்று தெரியாமல், "ரெண்டே எட்டுலே," என்றான், பாட்டுக்காரனிடமே நேரடியாக.

அப்போது கூட்டாளி, "நம்ம போர்மேன் அண்ணன்கிட்ட டிரெயினிங் எடுத்திருந்தா இந்நேரம் பஸ் ஏறியிருப்பான்!" என்றாள்.

இடிச் சிரிப்பு. நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. என் மனைவி சிரிக்கவில்லை. முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வேனில் சிவகாசி தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு கேட்டேன். "அவன் திரும்புனது சரியா, தப்பா?"

"தப்புத்தான். அவ போயிட்டால்ல."

"ஆனா?"

"ஆனான்னு நான் சொன்னேனா?" என்றாள். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அதுவே எனக்குப் பெரிய காரியம். ஆனாலும் வீடு வந்து சேரும்வரை நான் எத்தனை தரம் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. "கழுத்து சுளுக்கிக்கிறப் போகுது," என்றாள்.

பூஜை போட்டுக் கம்பெனியைத் திறந்த காலையில் எல்லோரையும் நிற்கவைத்து என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். போட்டது போட்டபடி ஓடணும், சரி. எதையும் எடுக்கப் போகக் கூடாது, சரி. அடுத்த வரி வரவில்லை. பேக்கிங் ரூம் வரிசையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். தொண்டையைக் கனைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரையும் தேடக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது," என்று அவளே உரக்கச் சொன்னாள். "அத விட்டுறாதீக. இங்கன சின்னப் பிள்ளைகளப் பெத்தவுக எம்புட்டுப் பேரு நிக்காக, பாருங்க. சொல்லுங்க."

சொன்னேன். 

"நீங்களும் ஓடுங்க," என்றாள். "வேப்பமரம் வரைக்கும். நான் அங்கன வந்துருவேன். பஸ்ஸுல மட்டும் ஏறிறாதீக."